அத்தை பேயாடிய வெள்ளிக்கிழமை

மாத்திரைப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். நெஞ்சு கொஞ்சம் படபடத்தால் போதும், பெற்ற பிள்ளைகளை அலறியடித்துக்கொண்டு ஓடி வர வைக்கிறோம். போன மாதம் நானும் அதைத்தான் செய்தேன். கை மரத்துப்போனது, மூச்சு முட்டியது, எதிர்ச்சுவர் தள்ளித் தள்ளிப் போவதுபோல் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் பார்த்துவிட்டு, "இருதயம் நல்லா இருக்கும்மா. இது வெறும் பயம். பயத்தாலதான் உடம்பு இப்படிப் பண்ணுது. உயிருக்கும் ஒண்ணும் ஆகாது, புத்தியும் கெடாது" என்றாள்.

நான் கேட்காமலே "புத்தியும் கெடாது" என்றாளே, அதற்காக அவளை அங்கேயே கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. அந்த ஒரு வார்த்தையை என் அத்தையிடம் யாராவது சொல்லியிருந்தால், ஓர் ஆவணி மாதம் முழுவதும் எங்கள் லயம் அந்தப் பாடு பட்டிருக்காது.

எங்கள் தோட்டம் இலங்கையில், யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரம். எனக்கு அப்போது பத்து வயது. அத்தை என் அப்பாவின் தங்கை. தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கு அடுத்த காம்பிராதான் அவளுடையது. நடுச்சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிடும். அதனால் அவள் அந்தப் பக்கம் சிரித்தால் இந்தப் பக்கம் அம்மா முகத்தைச் சுளிப்பாள். "பொம்பளை சிரிக்கிற சிரிப்பா இது? பெரட்டுக்குத் தப்படிச்ச மாதிரி!" விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஆட்களைக் கூட்ட அடிக்கும் தப்பு மலை முழுக்கக் கேட்கும். அத்தையின் சிரிப்பும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் போகும்.

அவளுக்கு ஒரு வயதில் ஒரு பெண் குழந்தை. மாமாவுக்கு ஸ்டோரில் புகைக்கூட்டு வேலை, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுவது. குளித்துவிட்டு வந்தாலும் மனிதர் புகை நாற்றத்தோடுதான் வருவார். குழந்தை இருட்டில்கூட அந்த நாற்றத்தை வைத்தே அப்பாவிடம் தாவும். அத்தை பால் வெட்டப் போவாள். நான் அவள் பின்னால் ஒரு சாக்குப் பையோடு போய், மரத்தில் வெட்டுக்காயத்தின்மேல் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சேர்ப்பேன். கையெல்லாம் புளித்த வாடை அடிக்கும். இன்றைக்கு அந்த வாடை எங்காவது கிடைத்தால் காசு கொடுத்து முகர்ந்து பார்ப்பேன்.

ஆவணியில் ரப்பர்க் காய்கள் வெடிக்கும். உங்களில் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏற ஏற, தலைக்குமேல் 'படார்' என்று ஒரு சத்தம், அப்புறம் பளபளவென்று புள்ளி போட்ட விதைகள் சருகின்மேல் வந்து விழும். எங்களுக்கு அது திருவிழா. விதையைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவள் தொடையில் வைப்போம். அத்தையும் என் தொடையில் வைத்திருக்கிறாள், முப்பது வயதை நெருங்குகிற பொம்பளை.

ஒரு நாள் காலை, மரத்தில் கத்தியை வைத்தபடியே அவள் நின்றுவிட்டாள். தலைக்குமேல் ஒரு காய் வெடித்தது. அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்னா அத்தை?"

"தெரியலடி. மரமெல்லாம் தள்ளிப் போவுது. நான் நானா இல்ல. புள்ள, எனக்கு என்னமோ ஆகப் போவுது."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்தான் இருக்கும். பிறகு தானாகவே வடிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள். ஆனால் மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

அவளுடைய பயம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் பைத்தியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கீழே கிராமத்துச் சிங்களவர்களின் வார்த்தையை எடுத்து 'பிஸ்சு' என்பார்கள். முந்தின வருஷம் மேல் லயத்தில் ஒரு மனிதருக்குப் பிஸ்சு வந்துவிட்டது. அவரைக் கொண்டுபோகச் சொல்லித் தோட்டத்துத் துரையிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு கையையும் துண்டால் சேர்த்துக் கட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, கொழும்புப் பக்கத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அவர் பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். வண்டி போனபோது லயத்தார் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். அத்தை அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி.

"எனக்கும் அதுதான் வருது" என்றாள் ஒரு நாள், பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு. "அந்த மனுசனுக்கும் மொதல்ல இப்பிடித்தான் நெஞ்சு அடிச்சிக்கிட்டிருக்கும். என்னை வண்டியில ஏத்திட்டா எம் புள்ள கதி என்னா?" பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பிஸ்சு வந்தவங்களுக்குப் பிஸ்சு வந்தது தெரியாதாம். அதனால நீதான் பாத்துச் சொல்லணும். எனக்கு வர்றப்பல்லாம் ஏதாச்சும் கேளு. நான் சரியாச் சொன்னா சரி. தப்பாச் சொன்னா மறைக்காம சொல்லிரு. பொய் சொல்லக் கூடாது."

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். பத்து வயதுப் பெண்ணிடம் கேட்கிற சத்தியமா அது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் கேள்வியாக, "உங்க பேரு என்னா?" என்று கேட்டேன்.

"அடிப் போடி! அந்த மனுசன் வண்டியில போறப்பக்கூடத் தன் பேரைத்தான் சொல்லிக்கிட்டே போனாரு. கஷ்டமாக் கேளு."

அன்றிலிருந்து கஷ்டமான கேள்விகளைத் தேடுவதே என் வேலையாகிவிட்டது. "போன கிழமை அம்மா உங்களைத் திட்டுன மூணு திட்டு என்னா?" என்று கேட்டேன். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே, அம்மா மூக்கை உறிஞ்சுவது உட்பட அந்த மூன்று திட்டையும் திட்டிக் காட்டினாள். மூன்றாவது திட்டில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த படபடப்பு போய்விட்டது. இன்னொரு நாள் சாயங்காலம், "நம்ம ஆடு எந்தக் கால் நொண்டும்?" என்றேன். அவள் இடது முன்னங்கால் என்றாள். நான் வலது என்றேன். அத்தைக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டு பேரும் ஆட்டுக் கொட்டிலுக்கு ஓடினோம். ஆட்டுக்குக் கால் குணமாகி அது எந்தக் காலும் நொண்டாமல் எங்களைப் பார்த்தது.

இப்படியே கொண்டுபோயிருக்கலாம். ஆனால் ஒரு நாள் காலைப் பால் முழுவதையும் வாளியில் சேர்த்துத் தூக்கும்போது தலைமேலேயே இரண்டு காய்கள் வெடித்தன. அத்தை வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். வெள்ளைப் பால் சருகெல்லாம் ஓடியது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவள் பாதைப் பாலம்வரைக்கும் போய்விட்டாள். இடுப்பில் பால்வெட்டுக் கத்தி அப்படியே இருந்தது. ஆட்களை மேற்பார்க்கிற கங்காணி பார்த்துவிட்டு, அவளை மருந்து கொடுக்கிற இடத்துக்கு அனுப்பினார்.

தோட்டத்து டாக்டரய்யா யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "வருத்தம் ஒண்டும் இல்லைப் பிள்ளை. பூச்சி மருந்து தாறன், குடி. ஆனா ஒண்டு சொல்லுறன், இனியும் காட்டில இப்பிடி நடந்தா நான் துரைக்கு எழுதத்தான் வேணும். கத்தி பிடிக்கிற வேலை எல்லோ?" அவரும் கெட்ட மனிதர் இல்லை. பூச்சி மருந்தோடு எனக்கு ஒரு பிடி சீனியும் கொடுத்தார்.

அம்மாவுக்கு டாக்டரய்யாமேல் நம்பிக்கை இல்லை. நாத்தனாரைத் தினம் ஒரு திட்டுத் திட்டுவாளே தவிர, அவளுக்கு ஒன்று என்றால் அம்மாவுக்குத்தான் சோறு இறங்காது. "இது காத்து கருப்பு வேலை. ஆத்தோரம் அந்த மலைக்கு வேலைக்குப் போனாளே, அங்கதான் புடிச்சிருக்கு" என்று தீர்மானித்தாள். காம்பிரா வாசலில் வேப்பிலை செருகினாள். அத்தையை உள்ளே விட்டு, ஓடிவிடாமல் இருக்க வெளியே கொண்டி போட்டாள். அந்தக் காம்பிராவுக்கு ஜன்னல் கிடையாது. அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். நோய்க்கு இதைவிடக் கெட்ட மருந்தை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அன்பாகத்தான் செய்தாள், நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். துணைக்கு என்னையும் உள்ளே விட்டாள். குழந்தையைப் பால் குடிக்கிற நேரத்துக்கு மட்டும் கொண்டுவந்து கொடுத்து, குடித்ததும் வாங்கிக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் கதவு சாத்தும் சத்தத்துக்கு அத்தை என் கையைத் தேடுவாள்.

"கேளுடி, கேளு."

"கூரைத் தகரத்துல எத்தனை ஓட்டை?"

"ஏழு. ஒண்ணு புதுசு."

வெள்ளிக்கிழமை கோடாங்கி வந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், உடுக்கை அடித்தால் பேய் வாயைத் திறக்காமல் இருக்காது என்று பேர் வாங்கியவர். பொழுது சாயும்போது வாசலில் சாம்பிராணி போட்டு, அத்தையின் தலைமயிரை அவிழ்த்துவிட்டு உட்கார வைத்தார்கள். கோடாங்கி அடித்தார், பாடினார், அதட்டினார். "யாரு நீ? ஆம்பளையா, பொம்பளையா? எங்க புடிச்ச?" அத்தை பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை மட்டும், "அண்ணே, கால் மரத்துப்போச்சு, மாத்தி ஒக்காரவா?" என்று கேட்டாள்.

கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் பேசினார். "பேயின்னா ஆடும், பேசும், கேட்டதைக் குடுத்தா போயிரும். இது அசையலியே. அடுத்த வெள்ளிக்கும் வாறேன். அன்னைக்கும் பேசலன்னா இது பேய் இல்ல, மூளைதான். டாக்டரய்யாகிட்டச் சொல்லிருங்க. நாம வச்சிக்கிட்டு என்னா பண்றது?"

கங்காணியும் தலையாட்டினார். மாமா புகைக்கூட்டுக்குத் திரும்பிப் போகிறேன் என்று இருட்டில் போய் நின்று அழுதார்.

எங்கள் சனத்தின் கணக்கு அதுதான். பேய் பிடித்தவள் என்றால் யாரும் ஒதுக்கமாட்டார்கள், அவளுக்குக் கோழி அடித்துப் போடுவார்கள். பேய் இல்லை என்றால்தான் வண்டி. கூரையின் ஓட்டையைச் சரியாக எண்ணுகிற என் அத்தை, பேய் பிடிக்காத குற்றத்துக்காக வண்டியேறப் போகிறாள். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், கதவு சாத்தியிருந்த வேளையில் அவள் காதில் சொன்னேன்.

"ஆடிருங்க அத்தை."

"என்னா?"

"பேய் மாதிரி ஆடிருங்க. அப்பறம் போயிட்டேன்னு சொல்லிருங்க."

அத்தை என்னை உற்றுப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு வரப் பார்த்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். எந்தப் பேய் என்பதில்தான் சண்டை. மேல் லயத்துக் கிழவனின் பேய் என்றால் அவன் மகன் சண்டைக்கு வருவான். கடைசியில், எந்தக் காலத்திலோ ஆற்றில் போனதாகச் சொல்லப்பட்ட, சொந்தபந்தம் யாரும் இல்லாத ஒரு பொம்பளையைத் தேர்ந்தெடுத்தோம். தலையை எப்படிச் சுழற்றுவது, எப்போது உறுமுவது என்று நான் ஆடிக் காட்டினேன். அத்தை திருத்தினாள். "கருப்புக் கோழி கேக்கணும், சுருட்டுக் கேக்கணும்" என்றாள். "கித்துள் மரத்துக் கருப்பட்டியும் கேளுங்க" என்றேன். "ஆத்துல போனவளுக்கு எதுக்குடி கருப்பட்டி?" என்றாள். ஆனாலும் சேர்த்துக்கொண்டாள். நடுவில் இரண்டு தடவை அவளுக்கு நெஞ்சு படபடத்தது. அப்போதெல்லாம் நான் பேயிடம் கேட்கிற கேள்விகளையே கேட்டேன், அவளும் பேயாகவே பதில் சொன்னாள்.

அடுத்த வெள்ளி வந்தது. உடுக்கை தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் இல்லை. மாமா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு அத்தையின் தலை மெதுவாக அசைந்தது. சுழன்றது. எழுந்து நின்று ஆடினாள். நாங்கள் பழகிய ஆட்டம்தான், ஆனால் நான் சொல்லிக் கொடுத்ததைவிடப் பத்துப் பங்கு. அம்மா "ஆத்தா!" என்று கும்பிட்டு விழுந்தாள்.

"யாரு நீ?"

"ஆத்துல போனவடா!"

"என்னா வேணும்?"

"கோழி வேணும்! சுருட்டு வேணும்! கருப்பட்டி வேணும்!" எனக்கு உள்ளுக்குள் குதூகலம். "கதவைச் சாத்தாதே! எவ கொண்டி போட்டது? சாத்துனா போகமாட்டேன்!" கதவு நாங்கள் இருவரும் பேசி வைத்ததுதான்.

"சாத்தலத்தா, சாத்தலத்தா" என்று அம்மா அழுதாள்.

இந்த இடத்தில் அவள் விழ வேண்டும். ஒத்திகை அப்படித்தான். ஆனால் அத்தை விழவில்லை. கங்காணிக்கு நேராகப் போய் நின்றாள். குரல் மாறிவிட்டது, கரகரவென்று, எனக்குத் தெரியாத குரல்.

"கையைக் கட்டி வண்டியில ஏத்துனீங்களே. அவன் தண்ணி தண்ணின்னு கேட்டானே. எவண்டா குடுத்தீங்க? எல்லாரும் வாசல்ல நின்னு பாத்தீங்களே, எவடி ஒரு வாய் தண்ணி குடுத்தீங்க?"

கோடாங்கிகூட அடிப்பதை நிறுத்திவிட்டார். கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அத்தை அடியற்ற மரமாக விழுந்தாள்.

அவள் தலையில் ஒரு கொத்து மயிரை வெட்டி, கீழே பலா மரத்தில் ஆணியடித்தார்கள். பேய் போனது. கருப்பட்டி வந்தது, எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. கங்காணி தாமாகவே அத்தைக்கு ஆற்றோரம் இல்லாத வேறு மலையில் வேலை கொடுத்தார். டாக்டரய்யா கடிதம் எழுதவில்லை. அம்மா அதற்குப் பிறகு, மழை பெய்து காம்பிராவெல்லாம் நனைந்தாலும் அந்தக் கதவைச் சாத்த விடமாட்டாள். காட்டில் எப்போதாவது அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "பேயி விட்ட வாடை, போயிரும்" என்று பக்கத்து மரத்துக்காரிகள் திருநீறு பூசிவிட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் அத்தையின் பயம் தீரவில்லை, வேறு உருவம் எடுத்திருந்தது. பத்துப் பதினைந்து நாள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, திறந்த கதவருகில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சுளகை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"புள்ள, அந்தத் தண்ணிப் பேச்சு. அதை நாம பேசி வைக்கலியே?"

நான் சுளகில் கிடந்த ஒரு நெல்லைப் பொறுக்கினேன்.

"ஆடுனதெல்லாம் எனக்குத் தெரியும். கோழி கேட்டது தெரியும். கங்காணி முன்னாடி போயி நின்னது எனக்குத் தெரியல. உங்கம்மா சொல்லித்தான் தெரியும். அது நடிப்பா? இல்ல, வந்திருச்சா? நீதான் பாத்துக்கிட்டு இருந்த. பொய் சொல்லாம சொல்லு."

எனக்கு உண்மையில் தெரியாது. இத்தனை வயதாகியும் தெரியாது. அந்தக் குரல் யாருடையது என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒன்று மட்டும் அப்போது தெரிந்தது: "தெரியல" என்று நான் சொன்னால் அத்தை உடைந்துபோவாள்.

"நான்தானே சொல்லிக் குடுத்தேன் அத்தை" என்றேன். "கடைசி நாளு, கதவு சாத்தியிருந்தப்ப. மேல் லயத்து மாமாவுக்கு யாரும் தண்ணி குடுக்கல, அதையும் கேளுங்கன்னு சொன்னேனே. மறந்துட்டீங்க."

அம்மாவின் மூன்று திட்டையும் எழுத்துப் பிசகாமல் சொன்னவள், கூரையின் புது ஓட்டையைக் கணக்கில் சேர்த்தவள், எதையும் மறக்கிற ஆள் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. என் காது மடல் சுட்டது.

"ஆமால்ல" என்றாள் கடைசியில். "நீதான் சொன்ன. மறந்தே போச்சு."

குழந்தையை என் மடிக்கு மாற்றிவிட்டு, மறுபடி சுளகை எடுத்துப் புடைத்தாள்.

அத்தை எழுபது வயதைத் தாண்டி இருந்து, கடைசி நாள்வரை கூரை அதிரச் சிரித்து, தெளிந்த புத்தியோடு போய்ச் சேர்ந்தாள். அந்தப் படபடப்பும் வயதாக ஆகக் குறைந்ததே தவிர, ஒரேயடியாக விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த மத்தியானத்துக்குப் பிறகு, ஒரு தடவைகூட, "கேளுடி" என்று அவள் என்னைக் கேட்கவில்லை. வந்தால் பக்கத்தில் வந்து உட்காருவாள். நான் கேள்வி எதுவும் கேட்கமாட்டேன். அது போகிறவரைக்கும் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.